தானியத்தில் தங்கும் பூஞ்சை நஞ்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தானியங்களையும் எண்ணெய் வித்துகளையும் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாதிரி கொண்டுவருபவர்களில் விவசாயிகள் உண்டு, வியாபாரிகள் உண்டு, மாடு வளர்ப்பவர்கள் உண்டு. சில நாள்களில் ஒரு சிறு பொட்டலத்தோடு வரும் தாய்மார்களும் உண்டு. ஆட்கள் மாறினாலும், முடிவை வாங்கிக்கொண்டு வாசலில் நின்று அவர்கள் கேட்கும் கேள்விகள் மாறுவதே இல்லை. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை மறுபடி சொல்லாமல், அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. பூஞ்சை நஞ்சு என்றால் பூசணம்தானே? இரண்டுக்கும் பெயர்தான் வேறா?

இரண்டும் வேறு வேறு. பூசணம் ஓர் உயிர். பச்சையாகவோ கறுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ தூள் படிந்தாற்போல் நாம் பார்ப்பது அதன் வித்துகளை. அந்த உயிர் வளரும்போது சில வேதிப்பொருள்களை உண்டாக்கி, தான் தங்கியிருக்கும் தானியத்துக்குள்ளேயே விட்டுவிடுகிறது. அவற்றில் சில மனிதருக்கும் விலங்குக்கும் நஞ்சு.

பூஞ்சை செத்துப்போகலாம், துடைத்தால் உதிர்ந்துவிடலாம். அது விட்டுச் சென்ற நஞ்சு தானியத்துக்குள் அப்படியே இருக்கும். கீழே வரும் பதில்களில் பாதிக்குமேல் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவைதான். இதை மட்டும் மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

2. பாலாடைக்கட்டியிலும் பூஞ்சை இருக்கிறது, பெனிசிலினும் பூஞ்சையிலிருந்து வந்ததுதான். அப்படியிருக்க எல்லாவற்றுக்கும் ஏன் பயப்பட வேண்டும்?

எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டியதில்லை. பூஞ்சை இனங்கள் பல ஆயிரம். உணவுப் பயிர்களில் கவலைப்பட வேண்டிய அளவு நஞ்சு உண்டாக்குபவை சில மட்டுமே. ஆஸ்பெர்ஜில்லஸ், பியூசேரியம், பெனிசில்லியம் என்ற மூன்று பேரினங்களில் அவற்றில் பெரும்பாலானவை அடங்கிவிடும். கதிரிலேயே வரும் எர்காட் பூஞ்சையைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பாலாடைக்கட்டிக்குப் பயன்படுவது தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட வகை. அது வளரும் சூழலும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மூட்டையில் தானாக வந்து குடியேறிய பூஞ்சை எந்த வகை என்று வெறும் கண்ணால் சொல்ல என்னாலும் முடியாது.

3. எந்த விளைபொருளில் எந்த நஞ்சு வரும்?

அதிகம் பேசப்படுவது அஃப்ளாடாக்சின். நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, கொப்பரை, காய்ந்த மிளகாய், மரக்கொட்டைகள் ஆகியவற்றில் வரும், இலக்கு கல்லீரல். மக்காச்சோளத்தில் பியூமோனிசினும் வரும். கோதுமை, பார்லி, மக்காச்சோளம் ஆகியவற்றில் வரும் டியாக்சினிவாலினால் என்ற நஞ்சு வாந்தியை உண்டாக்கும். அதே பயிர்களில் வரும் சியரலினோன் பெண் ஹார்மோனைப் போல நடித்து இனப்பெருக்கத்தைக் குலைக்கும்; பன்றி வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆக்ராடாக்சின் தானியங்கள், காப்பிக்கொட்டை, உலர்ந்த திராட்சை ஆகியவற்றில் வரும், சிறுநீரகத்தைத் தாக்கும். அழுகிய ஆப்பிளில் வருவது பாட்டுலின். ஒரே தானியத்தில் இரண்டு மூன்று நஞ்சுகள் சேர்ந்திருப்பதும் உண்டு. இனி வரும் பதில்களில் அஃப்ளாடாக்சினைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன். மனிதருக்கு அது செய்யும் கேடு பெரிது. என்னிடம் வரும் கேள்விகளும் பெரும்பாலும் அதைப் பற்றியவைதான்.

4. எங்கள் தாத்தா காலத்தில் இப்படி எதையும் கேள்விப்பட்டதில்லை. இது புதிய நோயா?

நோய் பழையது, பெயர்தான் புதியது. கம்பங்கதிரில் தேன் ஒழுகல் நோய் என்று சொல்கிறோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எர்காட் பூஞ்சை ஐரோப்பாவின் ரை தானியத்தில் வந்து, இடைக்காலத்தில் ஊர் ஊராக மக்களை வீழ்த்தியது. கைகால் எரிந்து கறுத்து உதிர்ந்தன; சிலருக்கு வலிப்பு வந்தது. காரணம் தெரியாத மக்கள் அதைப் ‘புனித அந்தோணியார் நெருப்பு’ என்று அழைத்தார்கள். 1940களில், போர்க்காலப் பஞ்சத்தில், சோவியத் நாட்டின் ஓரன்பர்க் பகுதி மக்கள் பனிக்கடியில் குளிர்காலம் முழுவதும் கிடந்த தானியத்தைப் பொறுக்கித் தின்றார்கள். அதிலிருந்த பியூசேரியம் நஞ்சு அவர்களின் இரத்த அணுக்களை அழித்தது, பெருந்தொகையானோர் இறந்தார்கள்.

அஃப்ளாடாக்சினின் கதை தொடங்கியது 1960இல். இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. நோய்க்குப் பெயர்கூட இல்லாததால் அதை ‘எக்ஸ்’ நோய் என்றார்கள். தீவனத்தில் கலந்திருந்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில்தான் விடை இருந்தது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் பெயரிலிருந்தே அந்த நஞ்சுக்குப் பெயர் சூட்டினார்கள்.

தாத்தா காலத்திலும் கல்லீரல் கெட்டு இறந்தவர்கள் இருந்தார்கள். தானியத்தைச் சோதிக்கத்தான் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

5. கெட்ட தானியத்தைச் சாப்பிட்டால் உடனே என்ன ஆகும்?

அளவைப் பொறுத்தது. பெரிய அளவில் சில நாள்களோ வாரங்களோ தொடர்ந்து உள்ளே போனால் பசியின்மை, வாந்தி, வயிற்றுவலி, பிறகு மஞ்சள்காமாலை, வயிற்றில் நீர் கோத்தல் என்று வளர்ந்து கல்லீரல் செயலிழக்கும். 1974இல் இந்தியாவில் ராஜஸ்தான், குஜராத் எல்லையோர ஊர்களில், அறுவடை நேரத்து மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வீடுகளின் நாய்களுக்கும் காமாலை கண்டது. 2004இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் 317 பேர் நோயுற்றார்கள், 125 பேர் இறந்தார்கள். அங்கும் மக்காச்சோளம்தான், ஈரம் போகாமல் வீட்டுக்குள் அடுக்கி வைத்தது.

இரண்டு இடத்திலும் இறந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். வேறு உணவு கையில் இல்லை. இந்த நஞ்சைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதை மறக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றும். தூக்கி எறியுங்கள் என்று சொல்வது எளிது. எறிந்த பிறகு உலை வைக்க வேறு தானியம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

6. சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால் தப்பித்துவிட்டோம் என்று அர்த்தமா?

ஒரு முறை என்றால் அநேகமாக ஆம். ஆண்டுக்கணக்கில் என்றால் அப்படிச் சொல்ல முடியாது. சிறு அளவில் தினமும் போகும் அஃப்ளாடாக்சினுக்கு எந்த அறிகுறியும் கிடையாது. கல்லீரல் அதை மாற்றி வெளியேற்றப் பார்க்கிறது. அந்த முயற்சியின் நடுவில் உருவாகும் ஒரு துடிப்பான மூலக்கூறு, உயிரணுவின் மரபுப்பொருளில் போய் ஒட்டிக்கொள்கிறது. புற்றுநோயைத் தடுக்கும் பி53 என்ற மரபணுவில், 249ஆம் இடத்தில் ஒரு குறிப்பிட்ட பிழையை அது விட்டுச் செல்கிறது. அஃப்ளாடாக்சின் அதிகமுள்ள பகுதிகளின் கல்லீரல் புற்றுநோய்க் கட்டிகளில் இந்தப் பிழை அடிக்கடி தென்படுகிறது. குற்றவாளி விட்டுச் சென்ற கைரேகை போன்றது அது.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1987இல் அஃப்ளாடாக்சின்களை முதல் வகையில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமின்றி நிறுவப்பட்டவை அந்த வகையில் வரும். ஆக்ராடாக்சினும் பியூமோனிசினும் ‘உண்டாக்கக்கூடும்’ என்ற வகையில் இருக்கின்றன.

7. எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது. எனக்கு ஆபத்து அதிகமா?

ஆம், மிக அதிகம். இரண்டு ஆபத்துகளும் வெறுமனே கூடுவதில்லை, ஒன்றையொன்று பெருக்குகின்றன. சீனாவின் ஷாங்காய் நகரில் ஆண்களிடையே நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. அஃப்ளாடாக்சின் தடயம் மட்டும் இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்கு. வைரஸ் மட்டும் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ 7 மடங்கு. இரண்டும் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ 60 மடங்கு.

அதனால்தான் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இந்த நஞ்சுக்கு எதிரான ஆயுதமாகவும் கருதுகிறார்கள். தொற்று ஏற்கெனவே இருப்பவர்கள் மருத்துவரின் தொடர் கண்காணிப்பில் இருப்பதோடு, கடலையையும் மக்காச்சோளத்தையும் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. சீனாவின் சிடோங் வட்டாரத்தில் 1980களில் மக்காச்சோளத்திலிருந்து அரிசிக்கு மக்கள் மாறினார்கள். தடுப்பூசி போடப்படாத தலைமுறையினரிடையே கூடக் கல்லீரல் புற்றுநோய் குறைந்தது.

8. குழந்தைகளுக்கு என்ன செய்யும்?

உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் சாப்பிடுகிறார்கள். அதுவும் ஒரே தானியக் கஞ்சி நாள்தோறும் என்றால் நஞ்சும் அதே கணக்கில் கூடும். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின், டோகோ நாடுகளில் நடந்த ஆய்வுகளில், இரத்தத்தில் அஃப்ளாடாக்சின் தடயம் அதிகமிருந்த குழந்தைகள் உயரத்திலும் எடையிலும் பின்தங்கியிருந்தார்கள். வறுமை, வயிற்றுப்போக்கு, சத்துக்குறைவு ஆகியவையும் அதே வீடுகளில் இருப்பதால், நஞ்சின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். தாயின் உடலில் சேர்ந்தது தாய்ப்பாலிலும் கருவிலும் போய்ச் சேர்கிறது என்பதில் ஐயமில்லை. இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிடக் கூடாது. மாற்ற வேண்டியது தாய் உண்ணும் தானியத்தை.

குழந்தைக்கு மாவு அரைப்பவர்கள் தானியம், பருப்பு, கடலை ஆகியவற்றை அரைப்பதற்கு முன் ஒவ்வொரு பிடியாகப் பரப்பிப் பார்த்துப் பொறுக்குங்கள். அரைத்த பிறகு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

9. நன்றாக வேகவைத்தால் போய்விடாதா?

போகாது. நீர் கொதிப்பது 100 பாகையில். அஃப்ளாடாக்சின் சிதைய 250 பாகைக்கும் மேல் வேண்டும். பிரஷர் குக்கரில் வைத்தாலும் அவ்வளவு சூடு வராது. வறுக்கும்போது ஓரளவு குறையும். எவ்வளவு குறையும் என்பது சூட்டையும் நேரத்தையும் ஈரத்தையும் பொறுத்தது. முழுமையாகத் தீராது. பூஞ்சை மட்டும் சாகும், நஞ்சு தங்கும். முதல் கேள்வியின் பதில் இங்கேதான் உறைக்கும்.

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துக் கழுவுவது மெக்சிகோவின் பழைய முறை. அது பியூமோனிசினையும் அஃப்ளாடாக்சினையும் கணிசமாகக் குறைக்கிறது. ஆனால், சரக்கு மிகவும் கெட்டிருந்தால் அதுவும் போதாது.

10. பூசணம் பிடித்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுச் சாப்பிடலாமா?

ரொட்டி, மென்மையான பழம், சமைத்த உணவு ஆகியவற்றில் கூடாது. பூஞ்சையின் இழைகள் மேலே தெரியும் திட்டைத் தாண்டி உள்ளே ஓடியிருக்கும். ஈரம் இருக்குமிடத்தில் நஞ்சும் பரவும். கடினமான பாலாடைக்கட்டி, கேரட் போன்ற இறுக்கமான பொருள்களில் திட்டைச் சுற்றியும் அடியிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாராளமாக வெட்டி எடுத்தால் போதும் என்பது பொதுவான அறிவுரை.

பழச்சாறுக்கு அழுகிய ஆப்பிளைப் போடவே கூடாது. பாட்டுலின் சாறோடு சேர்ந்து இறங்கும். பாஸ்டர் முறையில் சூடாக்கினாலும் தங்கும். ஆப்பிள் சாற்றில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் என்று பன்னாட்டு வரம்பே வைத்திருக்கிறார்கள்.

11. நாற்றம் இல்லை, கசப்பு இல்லை, பார்க்கவும் நன்றாகவே இருக்கிறது. பிறகு எப்படி நஞ்சு இருக்கும்?

அஃப்ளாடாக்சினுக்கு நிறமோ மணமோ கிடையாது. உணவில் அது இருக்கும் அளவில் நாக்கும் அதை உணராது. கெட்ட கடலையில் நாம் உணரும் கசப்பும் காறலும் எண்ணெய் கெட்டதாலும் பூஞ்சையின் பிற விளைவுகளாலும் வருபவை. அவை இருந்தால் துப்பிவிட வேண்டும். இல்லாததை மட்டும் நம்பி நிம்மதி அடைய முடியாது. பூஞ்சை பருப்பின் இரு பிளவுகளுக்கு நடுவே வளர்ந்து, வெளித்தோல் பளபளவென்று இருந்த மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன்.

புற ஊதா விளக்கில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. அங்கே ஒளிர்வது பூஞ்சை உண்டாக்கும் வேறொரு பொருள். சந்தேகத்தைக் கிளப்ப அது உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது.

12. அப்படியானால் பொறுக்கி எடுப்பதால் என்ன பயன்?

பெரும் பயன் உண்டு. நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. மிகச் சில பருப்புகளில் குவிந்திருக்கும். அந்தச் சில பருப்புகள் பெரும்பாலும் சூம்பியவை, சுருங்கியவை, நிறம் மாறியவை, உடைந்தவை, பூச்சி துளைத்தவை, முளைவிட்டவை. ஆகவே, 11ஆம் பதிலில் சொன்ன நல்ல தோற்றமுள்ள கெட்ட பருப்பு தப்பிவிட்டாலும், கழிவைப் பொறுக்கிய மூட்டையில் நஞ்சின் பெரும்பகுதி போய்விடுகிறது. பெரிய ஆலைகள் நிறம் பார்க்கும் இயந்திரத்தை வைத்துச் செய்வதும் இதைத்தான். முறத்தில் புடைப்பதும் கையால் பொறுக்குவதும் அதே அறிவியல்.

ஒரே நிபந்தனை: பொறுக்கிய கழிவை மலிவு விலைக்கு எண்ணெய்க்கோ தீவனத்துக்கோ கொடுக்கக் கூடாது. ஒரு மூட்டையிலிருந்த நஞ்சு முழுவதையும் ஒரு முறத்தில் திரட்டி வைத்திருக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

13. எண்ணெயில் நஞ்சு இறங்குமா?

அஃப்ளாடாக்சின் எண்ணெயில் அதிகம் கரையாது. பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். ஆனால், வடிகட்டாத எண்ணெயில் மிதக்கும் நுண்துகள்களோடு கொஞ்சம் வரும். சுத்திகரிப்பில் காரம் சேர்க்கும்போது அது ஏறக்குறைய முழுவதும் நீங்குகிறது. செக்கில் ஆட்டிய எண்ணெயை விரும்புபவர்கள் அதை விட வேண்டியதில்லை. செக்குக்குப் போகும் கடலை எது என்று பார்த்து, பொறுக்கிய கடலையை மட்டும் ஆட்டி, நன்றாகத் தெளியவிட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள்.

14. மனிதன் சாப்பிட முடியாததை மாட்டுக்குப் போட்டால் என்ன? மாடு ஒன்றும் செத்துவிடவில்லையே?

மாடு சாகாமலிருக்கலாம், ஆனால் உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். பசு தின்ற அஃப்ளாடாக்சினில் 1 முதல் 3 விழுக்காடு, நிறையக் கறக்கும் பசுவில் 6 விழுக்காடு வரை, எம்1 என்ற வடிவமாகப் பாலில் இறங்குகிறது. தீவனம் தின்ற ஒரு நாளுக்குள்ளேயே அது பாலில் தெரிந்துவிடும். நல்ல தீவனத்துக்கு மாற்றிய சில நாள்களில் மறைந்தும்விடும். அதனால் பாலில் எம்1 என்று முடிவு வந்தால், நான் முதலில் கேட்பது அந்த வாரம் எந்தப் பிண்ணாக்கு மூட்டையைப் பிரித்தீர்கள் என்றுதான்.

2012இல் பால்கன் நாடுகளில் கடும் வறட்சி. மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் ஏறியது. அடுத்த ஆண்டு செர்பியா, குரோஷியா நாடுகளில் பாலில் எம்1 வரம்பை மீறிப் பெரிய கலக்கம் ஏற்பட்டது. குளிர்நாடுகளுக்கு இந்தக் கவலை இல்லை என்ற எண்ணம் அதோடு போயிற்று.

கோழி, வாத்து, பன்றி, நாய் ஆகியவை மாட்டைவிட எளிதில் பாதிக்கப்படுபவை. வாத்துக்குஞ்சு மிகமிகச் சிறிய அளவுக்கே மடியும். குதிரைக்குப் பியூமோனிசின் உள்ள மக்காச்சோளம் மூளையையே கரைத்துவிடும். தீவனத்தில் பென்டோனைட் களிமண் கலந்தால் அஃப்ளாடாக்சினை அது வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்; மற்ற நஞ்சுகளில் அவ்வளவாகப் பலன் தராது.

15. பாலைக் காய்ச்சினால் எம்1 போகுமா? தயிராக்கினால்?

9ஆம் பதிலே இதற்கும்: காய்ச்சினாலும் போகாது. தயிரிலும் பெரும்பாலும் தங்கும். பாலாடைக்கட்டியில் நிலைமை இன்னும் மோசம். எம்1 பாலின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால், கட்டியாகும்போது செறிவு கூடுகிறது. வெண்ணெயில் மிகக் குறைவு.

16. இது வயலில் வருகிறதா, கிடங்கில் வருகிறதா? யார் தவறு?

இரண்டு இடத்திலும் வருகிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் மண்ணில் எப்போதும் இருப்பது. நிலக்கடலையில் காய் முற்றும் கடைசி மூன்று முதல் ஆறு வாரங்களில் மழை பொய்த்து மண் சூடேறினால், செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வலுவை இழக்கிறது, காய் வெடிக்கிறது, பூஞ்சை நுழைகிறது. கரையான், காய் துளைக்கும் புழு, களைக்கொட்டு பட்ட காயம் ஆகியவை அதற்குத் திறந்த கதவுகள். அந்த வாரங்களில் ஒரே ஒரு தண்ணீர் விட முடிந்தாலும் வேறுபாடு தெரியும்.

கிடங்கில் நடப்பது வேறு கதை. சரியாகக் காயாத மூட்டையை அடுக்கினால் பூஞ்சை வளர்கிறது. வண்டும் பூச்சியும் மூச்சு விடுவதால்கூட ஈரமும் சூடும் உண்டாகி, மூட்டையின் நடுவில் ஓரிடம் வெதுவெதுப்பாகிவிடும். வயலில் தொடங்கியது அங்கே பல மடங்காகிறது.

இரண்டுக்கும் நடுவே யாரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு: தோலுரிப்பு. காய் எளிதில் உடைய வேண்டும், கைவிரல் நோகக் கூடாது என்று காய்ந்த கடலையின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். பாடுபட்டுக் காயவைத்ததெல்லாம் அந்த ஒரு தெளிப்பில் வீண். உரிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளெல்லாம் உரித்துப் புண்ணான விரல்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஓர் உரிக்கும் கருவி கிடைத்தாலே போதும், தண்ணீர் தெளிப்பது நின்றுவிடும்.

17. எவ்வளவு காய வேண்டும்? கருவி இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

மக்காச்சோளம் போன்ற தானியங்களுக்கு 13 விழுக்காட்டு ஈரம், உரித்த கடலைப் பருப்புக்கு 7 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் அதிகமுள்ள வித்துக்கு வரம்பு குறைவு. அது குறைந்த ஈரத்திலேயே கெடும். பிடுங்கிய கடலைச் செடியைக் காய் மேலே பார்க்கும்படி திருப்பிப் போட்டுக் காற்றாட விட்டு, பிறகு காயைப் பறித்துத் தார்ப்பாயில் பரப்ப வேண்டும். வெறுந்தரையில் பரப்பினால் கீழிருந்து ஈரமும் மண்ணின் பூஞ்சையும் ஏறும். மாலையில் குவித்து மூடாமல் விட்டால், பகலில் போன ஈரம் இரவில் திரும்பும்.

தானியத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு. நன்கு காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம், அதோடு இரண்டு மூன்று கரண்டி காய்ந்த உப்புப் போட்டு மூடி, ஒரு நிமிடம் குலுக்கிச் சற்று நேரம் வையுங்கள். உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டினால் ஈரம் ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்கு மேல். இன்னும் காய வேண்டும். ஒட்டாமல் விழுந்தால் 15க்குக் கீழே வந்துவிட்டது. நெடுநாள் சேமிப்பதானால் அதற்குப் பிறகும் ஒரு வெயில் காட்டுவது நல்லது.

மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டையின் மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். காற்றுப் புகாத பைகள் பூச்சியையும் பூஞ்சையையும் மூச்சடைக்க வைக்கும். காய்ந்த தானியத்தைப் போட்டால்தான் அவை பயன்படும்.

18. ஓர் ஆய்வகம் நஞ்சு இல்லை என்றது, இன்னொன்று அதே மூட்டையில் அதிகம் என்றது. யாரை நம்புவது?

இருவருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். 12ஆம் பதிலில் நஞ்சு சில பருப்புகளில் குவிந்திருக்கும் என்றேன்; அதன் தீவிரத்தை ஒரு கணக்கில் பாருங்கள். தனிக் கடலைப் பருப்பு ஒன்றில் நூறு கோடியில் பத்து லட்சம் பங்குக்கு மேல் அஃப்ளாடாக்சின் அளந்திருக்கிறார்கள். அரை கிராம் எடையுள்ள அப்படி ஒரு பருப்பில் 500 மைக்ரோகிராம் நஞ்சு. கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்று ஒரு வரம்பை வைத்துக்கொண்டால், அந்த ஒரே பருப்பு 33 கிலோ சுத்தமான கடலையைக் கெடுக்கப் போதும். ஒரு கைப்பிடி அள்ளிச் சோதித்தால் அந்தப் பருப்பு கையில் வருமா வராதா என்பது வெறும் அதிர்ஷ்டம்.

அதனால் மூட்டையின் மேல், நடு, அடி என்று பல இடங்களிலிருந்தும், பல மூட்டைகளிலிருந்தும் எடுத்து, கிலோக்கணக்கில் சேர்த்து, மொத்தத்தையும் அரைத்துக் கலந்து, அதிலிருந்துதான் மாதிரி எடுக்க வேண்டும். ஆய்வகக் கருவியின் பிழை சிறிது. மாதிரி எடுப்பதில் வரும் பிழையே பெரிது. சின்னப் பொட்டலத்தோடு வருபவர்களிடம் ‘இந்தப் பொட்டலத்துக்கு மட்டும்தான் பதில் சொல்ல முடியும்’ என்று நான் சொல்வது இதனால்தான்.

19. நாட்டுக்கு நாடு வரம்பு ஏன் மாறுகிறது? நஞ்சு எங்கும் ஒன்றுதானே?

நஞ்சு ஒன்றுதான், யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள், எவ்வளவு கண்டிப்பைத் தாங்க முடியும் என்பது வேறு. நேரடியாக உண்ணும் நிலக்கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் மொத்த அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்; அமெரிக்காவில் 20. பாலில் எம்1 ஐரோப்பாவில் 0.05, பன்னாட்டு உணவுத் தர ஆணையமான கோடெக்ஸின் வரம்பு 0.5.

மரபுப்பொருளைக் கெடுக்கும் நஞ்சுக்கு ‘இதற்குக் கீழே ஆபத்தே இல்லை’ என்று ஒரு கோடு கிழிக்க முடியாது. முடிந்தவரை குறைப்பதே நோக்கம். இன்னொன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. வரம்பு கடுமையானால் நல்ல சரக்கு கப்பலேறுகிறது. தேறாதது விளைந்த இடத்திலேயே தங்கி, அங்குள்ளவர்களின் தட்டுக்குப் போகிறது. சொந்த வீட்டுக்காக விளைவித்து உண்பவர்களின் தானியத்தைச் சோதிக்க எந்தச் சட்டமும் வருவதில்லை.

20. இயற்கை முறையில் விளைந்ததில் இருக்காதுதானே?

பூஞ்சை நஞ்சே இயற்கையானதுதான். ரசாயனம் தெளித்தாலும் தெளிக்காவிட்டாலும், ஈரமும் காயமும் இருந்தால் வரும். பூச்சித் தாக்குதலைக் கட்டுக்குள் வைத்து, உடனுக்குடன் உலர்த்தும் இயற்கை விவசாயியின் கடலை, அலட்சியமாக விளைவித்த எந்தக் கடலையையும்விட நல்லது. பெயர்ப்பலகையைவிடக் களத்தைப் பார்ப்பது பயன் தரும்.

21. பூஞ்சையை ஒழிக்க இன்னொரு பூஞ்சையையே வயலில் தூவுகிறார்களாமே? உண்மையா?

உண்மை, எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸிலேயே நஞ்சு உண்டாக்கத் தெரியாத கிளைவகைகள் இயல்பாக உண்டு. அவற்றை எடுத்து, முளைக்காதபடி செய்த சோளத்தில் பூசி, பயிர் பூக்கும் முன் வயலில் தூவுகிறார்கள். அவை முதலில் இடம்பிடித்துக்கொள்வதால் நஞ்சு வகைக்கு இடமில்லாமல் போகிறது. அமெரிக்காவில் பருத்தி வயல்களுக்காக வளர்ந்த இந்த முறையை, நைஜீரியாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனம் ‘அஃப்ளாசேஃப்’ என்ற பெயரில் ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கொண்டுசென்றது. 80 விழுக்காடும் அதற்கு மேலும் குறைந்த வயல்கள் உண்டு. ஒவ்வொரு நாட்டுக்கும் அந்த மண்ணிலேயே உள்ள கிளைவகையைத் தேட வேண்டும் என்பதால் பரவ நேரமாகிறது. வயலில் கிடைத்த இந்தப் பாதுகாப்பு கிடங்குவரை ஓரளவு தொடரும். அதற்காக 17ஆம் பதிலைத் தள்ளிவைத்துவிட முடியாது.

22. கசப்பான கடலை ஒன்றைத் தெரியாமல் விழுங்கிவிட்டேன். இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஒரு கடலையால் உடல்நிலை கெடுவது அரிது. இரத்தத்தில் அஃப்ளாடாக்சின் தடயத்தை அளக்கும் சோதனைகள் ஆராய்ச்சிக்குப் பயன்படுபவை. கடந்த சில வாரங்களில் எவ்வளவு உள்ளே போனது என்று காட்டும், சிகிச்சையை மாற்றாது. இதற்குத் தனி மாற்று மருந்தும் கிடையாது. நஞ்சை முறிக்கும் என்று விற்கப்படும் பொடிகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

ஆனால், ஒரே தானியத்தைச் சாப்பிட்ட வீட்டில் இரண்டு மூன்று பேருக்குக் கண் மஞ்சளானால், அல்லது வீட்டு நாயும் கோழியும் கூடவே சுருண்டால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது அந்தத் தானியத்தில் கொஞ்சம் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள்.

23. மூட்டை மூட்டையாகக் கெட்டுப்போயிற்று. நல்லதோடு கலந்துவிட்டால் அளவு குறைந்துவிடாதா?

கணக்கில் குறையும். நல்ல சரக்கு முழுவதும் கெட்டதாகும் என்பதும் அதே கணக்குதான். 18ஆம் பதிலில் உள்ள ஒரு பருப்பையும் 33 கிலோவையும் நினைத்துப் பாருங்கள். உண்ணும் பொருளில் அப்படிக் கலப்பதை ஐரோப்பியச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. உயர்ந்த அழுத்தத்தில் அமோனியா செலுத்தி நஞ்சைச் சிதைக்கும் முறை உண்டு. அது தீவனத்துக்கு மட்டும், அதற்கான ஆலையில் மட்டும் செய்யக்கூடியது.

அந்த வசதி இல்லாதவர்கள், இழப்பு வலித்தாலும், கால்நடை கிளறாத இடத்தில் ஆழமாகப் புதைக்க வேண்டும். மூட்டையைக் கிளறும்போது மூக்கையும் வாயையும் இறுக்கமான முகக்கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள். தூசியோடு வித்துகளும் நஞ்சும் நுரையீரலுக்குப் போகும். காலியான சாக்கை உதறி அப்படியே மறுபடி பயன்படுத்த வேண்டாம். கிடங்கின் தரையையும் சுவர் இடுக்குகளையும் கூட்டி, பழைய தானியம் ஒரு மணி இல்லாமல் எடுத்துவிட்டு, ஓரிரு நாள் கதவைத் திறந்து காற்றாட விட்ட பிறகே புது அறுவடையை உள்ளே கொண்டுவாருங்கள்.